பில்லிங் மெஷின் ரிப்போர்ட்டைப் பார்த்து எந்தச் சேலைக்குப் பாவு போடுவது? காரைக்குடியிலிருந்து ஒரு கேள்வி

காரைக்குடி கண்டாங்கிக் கடை | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். அப்பச்சி ஆரம்பித்த கடை, மூன்று வருடமாக நான் பார்க்கிறேன். கண்டாங்கிச் சேலைதான் முதல் சரக்கு. மீட்டர் கணக்கில் கைத்தறிக் காட்டனும் உண்டு. அப்புறம் இரண்டு வருடமாக ஒட்டுப் போர்வை, வெளிநாட்டுக்காரர்கள் குயில்ட் என்கிறார்களே, அது. சேலையில் கறை பட்டது, கரை கிழிந்தது, ரோலில் மிஞ்சிய துண்டு எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக வெட்டி, உள்ளே பஞ்சு விரிப்பு வைத்து, எங்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் நான்கு பெண்கள் தைக்கிறார்கள்.

போன வருடம் பொங்கல் முடிந்து பார்கோடு, பிரிண்டர் என்று முழு செட்டாக பில்லிங் மெஷின் வாங்கினேன். இந்தத் தையோடு ஒரு வருடக் கணக்கு அதில் இருக்கிறது. ரிப்போர்ட் பக்கத்தைத் திறந்தால் நாற்பதுக்கு மேல் பெயர்கள். நான் தினமும் எடுப்பது அன்றைய விற்பனை ஒன்றுதான். பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைக்கிறேன், அதோடு சரி.

என் கவலை இதுதான். விற்பனை முந்தைய வருடத்தைவிடக் கூடியிருக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை நெசவாளருக்குப் பணம் கொடுக்கும்போது கை கடிக்கிறது. அலமாரியோ நிறைந்து கிடக்கிறது. எந்தச் சேலை ஓடுகிறது என்று மெஷினைக் கேட்டால் “கண்டாங்கி சேலை 412” என்று ஒரே வரி வருகிறது. ஒட்டுப் போர்வையில் ஒன்றுக்கு 2,347 ரூபாய் லாபம் என்று காட்டுகிறது. அதை நம்பி போர்வையை இன்னும் அதிகமாகத் தைக்கலாமா என்று யோசிக்கிறேன். நெசவாளர் வேறு, அடுத்த பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாக்கு நூல், எந்த நிறத்தில் என்று இந்த வியாழனுக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார். கடை நடத்துகிறவர்கள் எந்த ரிப்போர்ட்டை, எப்போது, எப்படிப் பார்க்கிறீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.

தேவகோட்டை பாத்திரக்கடை | திங்கள், இரவு 11.05

ஆச்சி, நான் பாத்திர வியாபாரம். ஆனால் ஒன்பது வருடமாக பில்லிங் மெஷினோடு இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

“கண்டாங்கி சேலை 412” என்று ஒரே வரி வருவது ரிப்போர்ட்டின் குறை இல்லை. ஐட்டம் பெயர் போடும்போது ஒரே பெயராகப் போட்டதால் வந்தது. நானும் முதல் வருடம் எல்லா அண்டாவையும் “பித்தளை” என்று ஒரே கோடில் போட்டிருந்தேன். கல்யாண வீட்டுச் சாமான் பரப்ப எந்த அளவு அண்டா போகிறது என்று கேட்டால் மெஷினுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தால்தானே அது திருப்பிச் சொல்லும்.

உங்களுக்கு உடல் நிறம், கரை நிறம், கட்டமா கோடா, எந்த நெசவாளர், இந்த நான்கும் பெயரிலேயே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் போகாதீர்கள். கைத்தறி என்பதால் ஒவ்வொரு சேலையும் கொஞ்சம் வேறுதான். ஆனால் 190 சேலைக்கு 190 பெயர் வைத்தால் எல்லாமே ஒன்று விற்றது, ஒன்று விற்றது என்று வரும், அதிலும் ஒன்றும் தெரியாது. முப்பது, நாற்பது பெயருக்குள் அடக்குங்கள்.

பழைய பில்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. நெசவாளரிடமிருந்து வந்த கொள்முதல் சீட்டில் நிறம் எழுதியிருக்கும். வந்ததில் இப்போது அலமாரியில் இருப்பதைக் கழித்தால் விற்றது தெரிந்துவிடும். எந்தத் தேதியில் விற்றது என்று வேண்டுமானால், விலை வேறாக உள்ள ரகத்துக்கு பில் பட்டியலை விலைவாரியாக அடுக்கிப் பாருங்கள், தேதி கூடவே வரும்.

இதை முடித்த பிறகு சரக்கு வயது ரிப்போர்ட்டைத் திறங்கள். ஸ்டாக் ஏஜிங் என்று இருக்கும். வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று 90 நாள், 180 நாள், அதற்கு மேல் எனப் பிரித்துக் காட்டும். பணம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அங்கேதான் தெரியும். கையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். திரையில் பார்த்தால் வெறும் எண்தான். வெயில் விழும் பக்கம் இருக்கும் சேலையில் மடிப்பு ஓரம் மட்டும் ஒரு விரல் அகலம் வெளுத்திருக்கும். அதைத் தொட்டுப் பார்க்கும்போதுதான் 300 நாள் என்றால் என்ன என்று புரியும்.

காரைக்குடி கண்டாங்கிக் கடை | செவ்வாய், இரவு 10.20

அண்ணே, ரொம்ப நன்றி. இன்று மதியம் கடையைச் சாத்தி உட்கார்ந்து கொள்முதல் சீட்டை எல்லாம் விரித்துப் போட்டேன்.

அரக்கு உடல், கடுகு மஞ்சள் கரை: வருடத்தில் 25, 25ஆக ஆறு தடவை வந்திருக்கிறது. மொத்தம் 150. அலமாரியில் மீதி 6. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குள் காலியாகியிருக்கிறது. கடைசி தடவை மட்டும் கல்யாண மாதமான தையில் மூன்றே வாரத்தில் இந்த ஆறு தவிர மற்றது போய்விட்டது.

அடுத்தது எனக்கு வயிற்றைக் கலக்கியது. போன பங்குனியில் வெளிர் நிறங்களில், இளம் பச்சை, சாம்பல், ரோஜா என்று 87 சேலை எடுத்தேன். கொள்முதல் 1,000, விற்பனை விலை 1,350. அதில் மீதி 64. அறுபத்து நாலாயிரம் ரூபாய் அந்த ஒரு தட்டில் இருக்கிறது! நெசவாளருக்குக் கொடுக்கக் கை கடிப்பது ஏன் என்று இப்போது தெரிகிறது.

மீட்டர் துணியிலும் ஒன்று பார்த்தேன். மெஷினில் நீலக் கட்டம் ஒரு மீட்டர் இருப்பு என்கிறது, ரேக்கில் வெறும் அட்டைக் குழல்தான் இருக்கிறது. திருட்டு இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தேவகோட்டை பாத்திரக்கடை | செவ்வாய், இரவு 10.50

மீட்டர் துணி கை அளவில் போயிருக்கும். வெட்டும்போது மீட்டருக்கு மூன்று விரல் தாராளமாக விட்டு வெட்டுகிறீர்களா? ஐந்து சென்டிமீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் ரோலில் 19 தடவை வெட்டினால் முடிந்தது, மெஷினோ இன்னும் ஒரு மீட்டர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். தாராளமாக வெட்டுவது தவறில்லை, வாங்குகிறவர் மனம் நிறைய வேண்டும். கொள்முதலைப் பதியும்போதே 20க்கு 19 என்று போட்டு, மீட்டர் அடக்கவிலையை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். கணக்கும் நேராகும், லாபமும் நிஜமாக வரும்.

வெளிர் நிறத்தைப் பார்த்து அவசரப்பட்டு ஆடித் தள்ளுபடி மாதிரி தள்ளிவிடாதீர்கள். விற்ற 23 எந்தத் தேதியில் போனது என்று முதலில் பாருங்கள்.

பள்ளத்தூர்ப் பெண் | புதன், காலை 6.15

அக்கா, எனக்குப் பள்ளத்தூர். இப்போது அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிறேன், நான்கு வருடமாக இங்கே ஒரு குயில்ட் துணிக்கடையில் வேலை. ஒட்டுப் போர்வை என்று பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பத்தா பழைய கண்டாங்கியை நான்கு மடிப்பாகப் போட்டு ஓட்டுத் தையல் போட்டுத் தருவார்கள். அதில்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

இங்கே கடையில் முழுப் போர்வை விற்பது குறைவு. போர்வை தைக்கிறவர்களுக்குத் துணி விற்பதுதான் வியாபாரம். துணி 44 அங்குல அகலத்தில் ரோலாக வரும். அதில் ஃபேட் குவார்ட்டர் என்று 18க்கு 22 அங்குலத் துண்டு வெட்டி மடித்துக் கூடையில் அடுக்குவோம். ஒரு ரோல் மெதுவாகப் போகிறது என்று ரிப்போர்ட் சொன்னால், மீதியை ஃபேட் குவார்ட்டராக வெட்டிவிடுவோம். ரோலில் யாரும் தொடாத துணி, துண்டாகி வேறு நான்கு நிறங்களோடு சேர்த்துக் கட்டினால் போய்விடும். அப்படிக் கட்டியதற்குத் தனிப் பெயர், தனி பார்கோடு. மீட்டர் இருப்பிலிருந்து கழித்து, கட்டு இருப்பில் ஏற்றுவோம். இந்த மாற்றத்தைப் பதியாவிட்டால் இரண்டு பக்கமும் கணக்கு பொய்யாகிவிடும். உங்கள் போர்வைக்கும் இதேதான். 2,347 லாபம் என்கிறீர்களே, மேலே ஒட்டுகிற துண்டுகளுக்கு என்ன விலை போட்டிருக்கிறீர்கள்? தையல் கூலியை எங்கே எழுதுகிறீர்கள்?

இன்னொன்று. இங்கே துணி நிறுவனங்கள் ஒரு தொகுப்பைப் பெரும்பாலும் ஒரு தடவைதான் அச்சடிப்பார்கள். நன்றாக ஓடுகிறதே என்று மறுபடி கேட்டால் கிடைக்காது. அதனால் எங்களுக்கு ரிப்போர்ட் என்பது முடிந்ததைப் பார்த்துக் கற்றுக்கொள்வது மட்டும். உங்களுக்கு அப்படி இல்லை. ஓடுகிற நிறத்தை நெசவாளர் திரும்ப நெய்து தருவார். ஆனால் ஒரு பாவு ஏற்றிவிட்டால் அந்தப் பாவு முடியும் வரை அதே கட்டம், அதே கரைதான் இறங்கும். அதனால் நீங்கள் ரிப்போர்ட் எடுக்க வேண்டிய நாள் மாதக் கடைசி இல்லை, பாவு போடுவதற்கு முந்தின நாள். அதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இங்கே வேலை செய்கிற எனக்கு அந்த வசதியைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது, அக்கா.

கணக்கர், காரைக்குடி | புதன், மதியம் 1.30

நான் ஊரில் நான்கைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறவன். அந்த 2,347 என்ற எண் என்னை உறுத்துகிறது. 3,200 ரூபாய்க்கு விற்று, 5 சதவீத வரியைக் கழித்தால் 3,047. அதில் 700 அடக்கவிலை. இப்படித்தான் வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் இரண்டு இடத்தில் தவறு இருக்கிறது.

முதலாவது வரி. மெஷின் போட்டுக் கொடுத்தவர் எல்லா ஐட்டத்தையும் சேலைக்கான எச்எஸ்என் எண்ணிலேயே (எந்தச் சரக்கு என்று வரிக்குக் காட்டும் குறியீடு) ஏற்றியிருக்கிறார் போலிருக்கிறது. பருத்திச் சேலை துணி இனத்தில் 5 சதவீதம், சரி. போர்வை அப்படி இல்லை, பருத்திக் குயில்ட் 9404இல் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 5, மேலே 12 என்று இருந்தது. ஆக நீங்கள் இதுவரை குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள். எச்எஸ்என் வாரியான விற்பனை ரிப்போர்ட்டை எடுத்து உங்கள் ஆடிட்டரிடம் கொடுங்கள். வித்தியாசத்தை வட்டியோடு நாமாகக் கட்டிவிடுவது நல்லது, நோட்டீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இதில் விலை வைக்கிற சூட்சுமம் ஒன்று இருக்கிறது. 3,200க்கு விற்றால் 18 சதவீதம் போக உங்கள் கைக்கு 2,712. அதையே 2,600க்கு விற்றால், வரி நீங்கிய விலை 2,500க்குள் வருவதால் 5 சதவீதம்தான், அது போக 2,476. வாங்குகிறவருக்கு 600 ரூபாய் குறைகிறது, உங்களுக்குக் குறைவது 236தான். ஒற்றைக் கட்டில் அளவில் கொஞ்சம் சிறியதாகத் தைத்தால் அந்த 236ஐயும் துணியிலும் கூலியிலும் மிச்சம் பிடிக்கலாம்.

இரண்டாவது தவறு அடக்கவிலை. பள்ளத்தூர்ச் சகோதரி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள், மீதியைப் போட்டுப் பார்க்கலாம்.

காரைக்குடி கண்டாங்கிக் கடை | புதன், இரவு 8.45

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மெஷினில் பார்த்தேன், எல்லாம் ஒரே எண். நாளைக்கே ஆடிட்டரிடம் போகிறேன்.

துண்டுகளுக்கு விலையே போடவில்லை. மிச்சம் மீதி என்றுதானே எடுத்தோம் என்று பூஜ்யம் போட்டிருந்தேன். ஆனால் அதே துண்டுகளைக் கட்டாகக் கட்டி வைத்தால் பை தைக்கிறவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், ஒரு போர்வைக்கான துண்டுகளுக்கு 450 கிடைக்கும். தையல் கூலி 900. அதை வீட்டுச் செலவு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். 700 என்பது அடித்துணி, பஞ்சு விரிப்பு, நூல் மட்டும். ஆக மொத்தம் 2,050. போன வருடம் 20, 20ஆக இரண்டு தடவை தைத்தோம், 37 விற்று 3 இருக்கிறது. இருபது போக ஆறு மாதம் ஆகிறது.

கணக்கர், காரைக்குடி | புதன், இரவு 9.30

நல்லது. இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அரக்குச் சேலை எவ்வளவுக்கு வாங்கி எவ்வளவுக்கு விற்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கடை முன்னால் போகும்போது 1,150 என்று அட்டை பார்த்த ஞாபகம். கொள்முதல் 850 என்று வைத்துக்கொள்கிறேன், தவறென்றால் மாற்றிப் போடுங்கள்.

1,150இல் வரி போக 1,095. லாபம் 245. ஒரு தடவை வந்தது இரண்டு மாதத்தில் போகிறது, ஆக அதே 850 ரூபாய் வருடத்தில் ஆறு முறை சுற்றுகிறது. 850 ரூபாய் உங்களுக்கு வருடத்தில் 1,470 கொண்டுவருகிறது. போர்வையில் 2,712 கழித்தல் 2,050, லாபம் 662. வருடத்தில் இரண்டு சுற்று. 2,050 ரூபாய் போட்டு 1,324 வருகிறது.

பீஸ் ஒன்றுக்கு லாபம் போர்வையில்தான் அதிகம். ஆனால் நெசவாளருக்கு வெள்ளிக்கிழமை கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது என்றால் அரக்குச் சேலையிலிருந்துதான். பழைய கணக்குப்பிள்ளைகள் ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட், கட்டும்போது சரக்கிருப்பை அடக்கவிலையில் தனியாக எழுதி, போன வருட இருப்போடு ஒட்டிப் பார்ப்பார்கள். விற்பனை எவ்வளவு கூடினாலும் இருப்பு அதைவிட வேகமாகக் கூடினால் முதலாளியைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். உங்கள் மெஷினில் சரக்கிருப்பு மதிப்பு என்று ஒரு ரிப்போர்ட் இருக்கும். மாதம் ஒரு தடவை அந்த ஒரு எண்ணை எழுதிவையுங்கள்.

போர்வையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கறை பட்ட சேலைக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் நல்ல துணியை வெட்டிப் போர்வை தைக்கும் அளவுக்குப் போக வேண்டாம்.

தேவகோட்டை பாத்திரக்கடை | புதன், இரவு 10.10

ஆங்கில மாதக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷின் ஜனவரி, பிப்ரவரி என்றுதான் ஒப்பிட்டுக் காட்டும். நம் வியாபாரம் அப்படி நடப்பதில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு வைத்துப் பார்த்தால் ஒரு வருடம் எகிறியது போலவும் ஒரு வருடம் படுத்தது போலவும் தெரியும். தீபாவளிக்கு முந்தின 40 நாள் என்று தேதி போட்டு எடுங்கள். ஆடிக்கும் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை தேதி கொடுங்கள். தை, மாசி, ஆவணி என்று கல்யாண மாதங்களுக்குத் தனித்தனியாக. மார்கழியைத் தனியாக. நான் இப்படி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் எந்த மாதம் கையில் பணம் வைத்திருக்க வேண்டும் என்று பிடிபட்டது.

காரைக்குடி கண்டாங்கிக் கடை | வியாழன், காலை 7.30

கணக்கர் ஐயா, 850, 1,150 இரண்டும் சரியே. நீங்கள் போட்ட கணக்கை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணே, நீங்கள் சொன்னபடி 1,350 விலையை வைத்து வெளிர் நிறத்தின் பில் தேதிகளை எடுத்தேன். 23இல் 19 டிசம்பரிலும் ஜனவரியிலும் போயிருக்கிறது. அதிலும் பெரும்பாலானவை மதியத்துக்கு முன். கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள், ஆத்தங்குடிக்குத் தரைக்கல் பார்க்கப் போகிற வழியில் காலையில் வருகிறவர்கள், பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிற வெளிநாட்டுக் குடும்பத்துப் பெண்கள். ஊர்க்காரர்கள் யாரும் அதைத் தொடவே இல்லை. பங்குனியில் எடுத்ததே தவறு, ஐப்பசியில் எடுத்திருக்க வேண்டும். அதனால் 30 சேலையை வெள்ளைத் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் எடுத்து வைக்கிறேன், அடுத்த மார்கழிக்கு ஆகும். மீதியில் மடிப்பு வெளுத்தது 11 இருக்கிறது, அவை போர்வைக்குப் போகும், இந்தத் தடவை விலை போட்டு. மற்ற 23ஐ 1,100க்குக் கொடுத்துவிடுவேன்.

பள்ளத்தூர்த் தங்கைக்கு, ஃபேட் குவார்ட்டர் யோசனை பிடித்திருக்கிறது. 18க்கு 22 அளவில் அரக்கு, கடுகு, மிளகாய்ச் சிவப்பு, கறுப்பு என்று நான்கு நிறம் சேர்த்து ஐந்து கட்டு கட்டிப் பார்க்கிறேன். சிவப்பைத் தண்ணீரில் அலசி, சாயம் விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பேன்.

நேற்றிரவு இதையெல்லாம் அப்பச்சியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பழைய பேரேட்டை எடுத்துவந்து கடைசிப் பக்கங்களைப் பிரித்துக் காட்டினார். வருடக்கணக்காக, வந்து கேட்டு இல்லை என்று திரும்பிப் போனவர்கள் என்ன கேட்டார்கள் என்று தேதியோடு எழுதியிருக்கிறார். “கறுப்பு உடல், சிவப்புக் கரை, அகலக் கரை, இல்லை.” அப்படி ஒரு பக்கத்தில் ஒன்பது வரி. விற்காததை மெஷின் எப்படிச் சொல்லும், பில்லே போடவில்லையே. பில்லிங் மெஷின் பக்கத்தில் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பேனாவும் வைத்துவிட்டேன்.

நெசவாளர் இப்போதுதான் போன் செய்தார். அரக்கு ஒரு பாவு, அடுத்தது கறுப்பு உடலில் சிவப்பு அகலக் கரை என்று சொல்லிவிட்டேன். கறுப்பில் பாவு போட்டு எத்தனையோ வருடமாயிற்று, நூல் சாயம் போட இரண்டு நாள் கூடுதலாக வேண்டும் என்றார். சரி என்றேன்.